மூன்றாவது கை

வெள்ளவத்தை, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்
ஜேம் பழ மரம்.
கெற்றபோல் புதுசு: சைக்கிள் டியூப்,
அறுந்த சப்பாத்தின் நாக்கு.
எனக்கு ஒற்றைக் கண் மூட வராது,
ஒன்றை மூடினால் மற்றதும் மூடும்.
இழுக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை,
கண்ணைப் பொத்த
றிஸ்லாவின் கை. அம்பரெல்லா அச்சாறு மணந்தது.

"வாலை விடு, தலையைப் பார்."
மாத்தறை ரயில் கடந்தது.
விட்டேன்.

தகரத்தில் டொக்கென்று ஏதோ விழுந்தது.
கல்லென்றுதான் நினைத்தோம்.

கல்லுக்கு வயிறு ஏறி இறங்குமா?

அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.
கல் பொறுக்கித் தந்த கஜானன்
செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.
மரத்தில் இன்னொரு அணில்
கத்தத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை.
றிஸ்லா என் கண்ணிலிருந்து
இன்னும் கையை எடுக்கவில்லை.