இரண்டாம் சரணத்தில் டீ

கோரல் டிமான்டியின் பாட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது மட்டும்.
இங்கிலீஷ் எனக்கு வால்யூம், பேஸ், ட்ரெபிள் வரைக்கும்தான்.

அயனாவரம் சுகுணா சவுண்ட் சர்வீஸ்.
நாலு பெட்டி, இரண்டு மைக்,
தட்டினால் வேலை செய்யும் ஒரு ஆம்ப்ளிஃபையர்.
பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை டான்ஸ்.
எனக்கு அறுபது ரூபாய், அவளுக்கு எழுபத்தைந்து.
"அந்தப் பதினஞ்சும் கிடார் கம்பிக்கே போய்டுது மேன்,
நீயும் நானும் ஒண்ணுதான்" என்பாள்.

பகலில் கேரேஜ் ஒர்க்ஸில் டைப்பிஸ்ட்.
லீவு விண்ணப்பங்களின் முதுகில்
ஆபீஸ் மெஷினிலேயே பாட்டு அடிப்பாள்.
முதலில் பார்க்காத புல்வெளி, ஏறாத குதிரை என்று எழுதினாளாம்.
பிறகு கிழித்துப் போட்டுவிட்டாள்.
"இங்கயும் ரயில் ஓடுது,
இங்கயும் ஆம்பளை வீட்டை விட்டு ஓடுறான்,
குடிக்கிறான், திரும்பி வந்து அழுவுறான்.
கன்ட்ரி பாட்டுக்கு இன்னும் என்னா வேணும்?"
அப்புறம் ஓட்டேரி நாலா வந்தது பாட்டில்,
ஆலைச் சங்கு வந்தது.

மவுண்ட் ரோடு ஓட்டலில் ஒன்றரை வருஷம்.
மைக்கில் அவள் குரலோடு ஸ்பூன் சத்தமும் ஏறும்.
அடுத்தவர் பாட்டு எத்தனை வேண்டுமானாலும் பாடலாம்,
சொந்தப் பாட்டு ராத்திரிக்கு ஒன்று என்றார் மேனேஜர்.
அந்த ஒன்றைக் கடைசியில் பாடுவாள்,
மேஜைகளில் பில் வைக்கிற நேரம்.

கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்கள் போன பிறகு
ராத்திரி பதினொன்றிலிருந்து விடியும்வரை ஒரு கேசட்.
முன்னூறு போட்டோம். நாற்பத்தொன்று விற்றது.
மிச்சத்தை என் கடையில் வைத்தாள்.
பெட்டி ஆடாமலிருக்க நான் அதில் சிலதை
அண்டக் கொடுத்ததும் அவளுக்குத் தெரியும்.

ஊர் முழுக்கக் கேட்டது அவளுடைய ஏழு நொடியை மட்டும்.
ஏதோ சலவைத்தூளுக்கு,
இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு தமிழில் பாடினாள்.
29சி பஸ்ஸில் கண்டக்டர் அதை முணுமுணுத்தபடியே
அவளிடம் சில்லறை கேட்டிருக்கிறான்.
கொடுத்துவிட்டு இறங்கினாளாம்.

அண்ணன்கள் பெர்த்துக்குப் போனார்கள்.
அவளுக்கும் பாரம் வந்தது.
பிறந்த தேதி வரை அடித்துவிட்டு
தாளைத் திருப்பிப் போட்டு
பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ட்ரம்ஸ் அடித்த நெவிலைக்
கீழ்ப்பாக்கத்தில் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம்
பேப்பர் மில்ஸ் ரோடு கடையில் நின்றுகொண்டிருந்தோம்.
பேச ஒன்றுமில்லாமல்தான் கேட்டேன்,
"பில் வர்றப்ப பாடுவியே, அதுல என்னதான் இருக்கு?"

"உனக்குத் தெரியாதா?" என்று பார்த்தாள்.
பிறகு வரி வரியாய், தன் பெரம்பூர்த் தமிழில்:
"இன்ஸ்டிட்யூட்ல கரன்ட் போச்சு. இருநூறு பேரு இருட்ல.
அது ஃபர்ஸ்ட் வெர்ஸ்.
செகண்ட்ல ஒரு ஒல்லி மனுஷன்
பல்லால ஒயர் உரிக்கிறான். வாயெல்லாம் ரத்தம்.
பாடும்மா, வந்துரும், பாடும்மான்றான்.
வரவேயில்ல.
நா பாடிக்கினேதான் இருந்தேன்."

இரண்டாம் சரணத்தில்
லெவல் ஏறாது, இறங்காது.
இருபத்திரண்டு வருஷமாக
நான் டீ குடிக்கப் போவது அந்தச் சரணத்தில்தான்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை.
குரல் இப்போது இரண்டு கட்டை இறங்கிவிட்டது,
கிடாருக்குப் பதில் கீபோர்டு,
ஆடுவதற்கு ஏழெட்டுப் பேர்,
அதில் இருவர் கைத்தடியோடு.
குமிழைத் தொடாமல் நின்றேன்.
ஒன்றும் புரியவில்லை, வழக்கம்போல்.
நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும்
தெளிவாக வந்து விழுந்தது: ஒயர்.
அது என் தொழில் சொல்.
அத்தனை வருஷமும் அது
அங்கேயே இருந்திருக்கிறது.

வாசலில் இருந்து கடைப் பையன் கத்தினான்,
"அண்ணே, டீ ஆறுது."