இங்கே வெட்டாதே

தேதி இருபத்தேழு.
அழகாபுரத்தில் ஒரு பிறந்தநாள்.
அழைப்பிதழின் ஜிகினா
என் கணக்கு நோட்டின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.
பால் பாக்கி, வேன் பாக்கி,
அதற்குக் கீழே லத்திகாவின் கையெழுத்தில்
‘கிஃப்ட்’.
பக்கத்தில் தொகை போடாமல் விட்டிருந்தாள்.
ஏழு வயதுக்கு
அது கொஞ்சம் அதிகப்படியான புத்தி.

அவருடைய காக்கி பேண்ட்டில் முட்டி போய்விட்டது.
இடுப்பு போய்விட்டது.
பின்பாக்கெட் மட்டும் புதுசாகவே இருந்தது.
அதில் வைக்க
எங்களிடம் என்ன இருந்தது?

பென்சில் போடும் பை. அவ்வளவுதானே, என்றேன்.

ஜிப், பிய்ந்த ஸ்கூல் பேக்கிலிருந்து.
உள்துணிக்கு, பூப்போட்ட தலையணை உறை.
நூலுக்கு மட்டும் முதல் அக்ரகாரம் வரை போனேன்.
காக்கி நூல் தீர்ந்துவிட்டதாம்.
மஞ்சள் இருந்தது, பழுத்த மல்கோவா நிறத்தில்.
கோணல் எப்படியும் தெரியத்தான் போகிறது,
வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியட்டும் என்று
அதையே வாங்கினேன்.

மடித்துப் போட்டு, மடிப்பிலேயே வெட்டினேன்.
ஒரு பை வேண்டிய இடத்தில்
இரண்டு கைக்குட்டை கிடைத்தது.
மிச்ச உறையில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு
எனக்கு நானே எழுதிக்கொண்டேன்.

புதிதாகத் தைக்க உட்காருகிறவர்களே,
ஒன்றுதான் சொல்வேன்:
மடியில் வைத்துத் தைக்காதீர்கள்.
பதினொன்றரைக்கு, முடிந்தது என்று எழுந்தேன்.
பையும் கூடவே எழுந்தது.
நைட்டியோடு சேர்த்து
இருபத்திரண்டு தையல்,
அன்றைக்கு நான் போட்டதிலேயே
நேராக வந்தவை அவைதான்.

ஊசியைப் பல்லில் கடித்தபடி மாடிக்குப் போய் நின்றேன்.
தூரத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒற்றை வண்டி ஏறிக்கொண்டிருந்தது.
விளக்குத் தெரிந்தது, மறைந்தது,
கொஞ்சம் மேலே மறுபடி தெரிந்தது.
ஓட்டுத் தையல்!
இவ்வளவு பெரிய மலையையே
இப்படி விட்டு விட்டுத்தான் தைக்கிறார்கள்.
கீழே இறங்கி வந்து
எல்லாவற்றையும் பிரித்தேன்.

அழகாபுரத்து வீட்டில்
ரிமோட் கார், பேசும் பொம்மை,
பெட்டிகள் என் இடுப்பு உயரத்துக்கு.
எங்களுடையது, செய்தித்தாளில் சுற்றி
மஞ்சள் நூலால் கட்டியது.
நான் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டேன்,
போன் வந்ததுபோல்.

அந்தக் குழந்தை, ஹர்ஷவர்த்தினி,
பையை வாங்கினாள். ஜிப்பைத் திறந்தாள்.
பாதியில் சிக்கியது, இழுத்தாள்.
பிறகு, எந்தப் பெரியவரும் செய்யாத ஒன்றைச் செய்தாள்:
உள்ளே கைவிட்டு
முழுப்பையையும் வெளிப்புறமாகத் திருப்பினாள்.

முடிச்சுகள். நூல் வால்கள்.
ஒரு மூலையில் லேசாக, என் விரல் ரத்தம்.
நடுவில் நீல மையில்,
பேனா அழுத்தமாக,
“ஒன்பது இன்ச். இங்கே வெட்டாதே!! இங்கே!!”

அவள் சத்தமாகப் படித்தாள்.
எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை.
கூடம் சிரித்தது.
நான் செருப்பைத் தேடினேன்,
ஒரு கால் கிடைத்தது.
“அய்யோ,” என்றாள் ஹர்ஷவர்த்தினி,
கேக் வெட்டும் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு,
“ரகசியம் இருக்குடி இதுக்குள்ள.”
உடனே பழையபடி திருப்பி
ஜிப்பை மூடினாள்,
யாரும் பார்த்துவிடாதபடி.

திங்கட்கிழமை லத்திகா
ஆர்டரோடு வந்தாள். ஐந்து பேர்.
ஆளுக்கு இருபது ரூபாய், சேர்த்து வைத்த காசு.
உள்ளே ஏதாவது எழுதியிருக்கணுமாம்,
திட்டாக இருந்தால் இன்னும் நல்லதாம்.

தலையணை உறை இருக்கிறது. மஞ்சள் நூல் இருக்கிறது.
காக்கிதான் பற்றாக்குறை.

நைட் ஷிப்ட் முடித்து வருகிற மனுஷர்
இப்போதெல்லாம் பேண்ட்டைக் கொடியில் போடுவதில்லை.
மடித்து, தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறார்.
உறை இல்லாத தலையணை அது,
பாவம், உறுத்தும்.