துடைக்கும்போது கண்ணில் பட்டவை

இரவு ஒன்பதுக்கு மேல்
வால்திவியாவின் இந்த மரக்கம்பெனி எனக்குச் சொந்தம்.
வாளி, துடைப்பான், உறுமும் வேக்குவம்,
வெளியே சிலி நாட்டுத் தெற்கின் விடாத மழை.
மீன்சந்தை மூடிய பிறகும்
ஆற்றங்கரையில் கடல்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருக்கும்.

பத்தொன்பது மேசைகள்.
ஏறக்குறைய எல்லாத் திரைகளின் நெற்றியிலும் ஒரு மஞ்சள் சீட்டு.
படிக்க வேண்டுமென்று படித்ததில்லை.
தூசி இருக்கும் இடத்தில்தானே என் கண் இருக்கும்.

ஏற்றுமதிப் பிரிவின் பவுலினா
காதலன் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தாள்.
மார்ச்சில் அது மாறியது. ஜூனில் மறுபடியும்.
எனக்குத் துக்கமாக இருந்தது,
அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.
மேலாளருடையது ஒன்றிலிருந்து எட்டு வரை, வரிசையாக.
கணக்காளர் எவரிஸ்தோ மட்டும்
சீட்டை விசைப்பலகைக்கு அடியில் ஒளித்திருந்தார்.
ஒளித்து என்ன?
மேசைமேல் சட்டமிட்ட படத்தில் நாய்,
அதன் கழுத்துப்பட்டையில் கனேலா என்று பெயர்.
கூட ஒரு வருடத்தைச் சேர்த்தால் கதவு திறந்துவிடும்.

நான் திருடியில்லை.
அது அவர்களுடைய அதிர்ஷ்டம்,
பூட்டு அல்ல.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை
எல்லாத் திரைகளும் ஒரே சிவப்பில் விழித்தன.
முதலாளி எழுதியதுபோல் ஒரு கடிதமாம்:
அவசரம், உடனே திற, யாரிடமும் கேட்காதே.
முதலாளியின் பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
எவரிஸ்தோ திறந்தார்.
நகல் இருந்தது. அதே கணினியில்.
மாற்றுச்சாவியை
வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல.

மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து
பழைய ரசீதுகளிலிருந்து எண்களை ஏற்றினார்.
யாரும் அவரைத் திட்டவில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை போல.
ஓரிரவு கேட்டார்:
"ஒத்திலியா, அந்த ஓர் எழுத்து உன் கண்ணில் பட்டிருக்குமா?"
"எனக்கு யாரும் அவசரக் கடிதம் எழுதுவதில்லை, தோன் எவரிஸ்தோ."
வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

இப்போது சீட்டுகள் இல்லை.
திரைகளில் பசைத் தடம் மட்டும்,
அதைச் சுரண்டவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.
காப்பிக்கு எழுந்தாலும் பவுலினா திரையைப் பூட்டுகிறாள்.
நானும் என் வங்கி எண்ணை மாற்றினேன்.
மகள் பிறந்த தேதியை மாற்றியதற்கு
ஏனோ அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.
கார் நிறுத்துமிடத்தில் ஒரு பென்டிரைவ் கிடந்தது.
மேலே 'சம்பள உயர்வுப் பட்டியல்' என்று எழுதியிருந்தது.
ஆசைதான்.
சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

நேற்று எவரிஸ்தோ தாமதமாகப் போனார்.
புதிய கடவுச்சொல், நீளமான வாக்கியம் போலிருக்கிறது,
மறக்காமலிருக்க உதடு முணுமுணுத்தது.
ஏதோ மழை, ஏதோ மூன்று வாத்துகள்...
அடுத்த சொல் வருமுன்
வேக்குவத்தைப் போட்டேன்.
தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.
அவர் உதடு மூடும்வரை
அதே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.