பதினேழு வகுத்தல் இரண்டு

தெக்லா கிரேக்கத்துக்குப் போன மறுநாள்
வகுப்பில் நாங்கள் பதினேழு பேர்.
"இரண்டிரண்டு பேராய் நில்லுங்கள்" என்றார்
உடற்பயிற்சி ஆசிரியர்,
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

ஈவு எட்டு.
இரக்கம் இல்லை.
மீதி நான்.

கூடைப்பந்துக் கம்பத்தோடு ஜோடி சேர்ந்தேன்.
நாற்பது நிமிடத்தில் அது ஒருமுறைகூட
பந்தைத் திருப்பி எறியவில்லை.

தெக்லா முதலில் தினமும் அழைத்தாள்.
பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்,
பிறகு நாலு நாளுக்கு ஒன்று.
பாதி, பாதியில் பாதி என்று குறைந்தால்
பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாதாம்.
கணக்குப் பாடத்தில் அப்படித்தான்.
குத்தாய்சியில் மழை,
இரவு பதினொன்று,
அவள் பெயரருகே பச்சைப் புள்ளி
எரிந்து
அணைந்தது.

வேதியியல் கூடத்தில் தராசுகள் ஐந்தே.
"மூன்று மூன்று பேராய்" என்றார் நாத்தெலா டீச்சர்.
ஐம்மூன்று பதினைந்து.
மீதி இரண்டு:
நானும், ரொட்டிக்கடைக்காரர் மகன் தாச்சியும்.
எங்களுக்குத் தராசு இல்லை.
அவன் உப்பை உள்ளங்கையில் கொட்டி
கண்ணை மூடி
"ஏழு கிராம்" என்றான்.
பக்கத்து மேசையில் கெஞ்சி நிறுத்துப் பார்த்தோம்.
ஏழு புள்ளி இரண்டு.
"அந்தப் புள்ளி இரண்டு ஈரம்" என்றான்,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அன்று வெள்ளைப் பாலத்தில் நின்று
பதினேழை எல்லாவற்றாலும் வகுத்தேன்.
நான்கால் வகுத்தால் மறுபடி நான் ஒருத்தி.
ஐந்தால் என்றால் நாங்கள் இருவர்.
ஆறால் வகுத்தால் மீதி ஐந்து,
ஒரு கூடைப்பந்து அணியே கிடைக்கிறது!
கீழே ரியோனி
எதாலும் வகுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.
எங்கள் மொழியில் பதினேழு என்பதே
'பத்துக்கு மேல் ஏழு'தான்.
என் வயதும் அப்படி,
பத்துக்கு மேல் ஐந்து.
இத்தனை நாள் சொல்லியும்
அந்த 'மேல்' என் காதில் விழுந்ததில்லை.

வியாழக்கிழமை. மறுபடி விசில்.
ஓடிப்போய்த் தாச்சியின் பக்கம் நின்றேன்.
ஒற்றைப்படை எண் சும்மா விடுமா?
கம்பத்தடியில் இப்போது இராக்லி,
தாச்சியின் பழைய ஜோடி,
என் பெயரை ஆடு கத்துவதுபோல்
கத்திக் காட்டுகிறவன்.
அவிழாத கயிற்றை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவனை எனக்குப் பிடிக்காது.
இன்றும்தான்.

பந்தை அவன் பக்கம் எறிந்தேன்,
கொஞ்சம் பலமாகவே.
"இரண்டிரண்டு பேர்!" என்று கத்தினார் ஆசிரியர்.
மூன்று பேருக்கும்
காது கேட்கவில்லை.