பதினான்கு நுழையாது, பதினைந்து வழுக்கும்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’.
ஓடாத காருக்குப் பாதி விலைதான் என்றார்
ஸ்டாவாங்கரிலிருந்து வந்த ஆள்.
அந்தப் பாதியில் பாதி எனக்கு, பாதி எய்வின்டுக்கு.
வக்கீல் அடித்துக் கொடுத்த தாளில்
இந்த ஜாகுவார் ஏழாவது வரி.
எட்டாவது, ஃப்ரீசர்.

ஆகவே சனிக்கிழமை,
பெர்கனில் எப்போதும் பெய்யும் மழையில்
கராஜுக்குள் நானும் அவனும்,
பதினோரு மாதத்துக்குப் பின்.

பேட்டரியைக் கழற்றியாச்சா என்றேன்.
கழற்றியாச்சு என்றான்.
போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

அறுபத்திரண்டில் இதைச் செய்த இங்கிலாந்துக்காரன்
முதலில் எஞ்சினை வைத்துவிட்டு
அதைச் சுற்றிக் காரைக் கட்டியிருக்கிறான்.
ஸ்டார்ட்டர் மோட்டாரின் கீழ் போல்ட்
சொன்ன பேச்சுக் கேட்டது.
மேல் போல்ட்டை நேரில் பார்த்தவர் கிடையாது.
தலை ஒரு பக்கம், நட்டு மறுபக்கம்.
கீழே ஒரு கை, மேலேயிருந்து ஒரு கை,
ஒரே ஆளின் கைகளாக இருக்க முடியாது.

இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் வாய்க்குள் பல் சுரண்டிய கை இது.
கிளினிக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தேன்,
கடைவாயைத் தேடுகிறமாதிரி நீட்டினேன்.
எண்ணெய்க் கறுப்புக்குள் தெரிந்தது:
நட்டின் ஆறு முனையில் இரண்டு மழுங்கியிருந்தன.
என்னிடம் சொல்லாமல் என்றைக்கோ
தனியாக முயன்றிருக்கிறான்.
“இது நீயா?”
மேலே டார்ச் கொஞ்சம் அசைந்தது.

பதினான்கு நுழையவில்லை.
பதினைந்து வழுக்கியது.
அங்குல ஸ்பேனர் எங்கே?
“நீ எடுத்துப் போன பெட்டியில், தோருன்.”
பெட்டி என் வோல்வோ டிக்கியில் இருந்தது.
ஒட்டிய டேப் ஒட்டியபடி.

“பிடிச்சிருக்கா?” என்றான்.
எது என்று கேட்க வாயெடுத்து,
ஸ்பேனரை, என்று புரிந்து,
“பிடிச்சிருக்கு. திருப்பு” என்றேன்.

இரும்புக்குப் பின்னால் அவன் விரல் என் விரலில் பட்டது.
பஸ்ஸில் இடித்துவிட்டவன்போல்
“மன்னிக்கணும்” என்றான்.
அப்போதுதான் கிறீச்சென்று
நட்டு இளகியது.

எட்டு கிலோ இரும்பு
என் நெஞ்சில் வந்து படுத்தது.
சற்று நேரம் அதை எடுக்கச் சொல்லவில்லை.

இனி புதியதை மாட்ட வேண்டும்.
அதே பொந்து. அதே இரண்டு கை.
“நாளைக்குப் பத்து மணி?”
“பத்தரை.”
ஸ்பேனரை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றான்.
வைக்கவில்லை.