தொண்ணூற்று ஒன்று

முதல் கன்ட்ரோலர் செத்தது குட்டஹள்ளி ஏற்றத்தில்,
பாதி வழியில், ஒரு தும்மலைப் போல.
பின்னால் வந்த ஆட்டோக்காரர் மூக்கைச் சுளித்து
"பையில கருவாடாம்மா?" என்றார்.
கருவாடு இல்லை அண்ணா,
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

எஸ்.பி. ரோட்டில் நயாஸ்
கருகியதைப் புரட்டிப் பார்த்தான்.
"அறுபது ஆம்பியர்னு மேல போட்டிருக்கான்.
ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு ஓட்டினா தாங்கும்."
எழுதியிருந்ததை நம்பியது முதல் தப்பு.
இரண்டாவது, பெட்டி.

சாயங்காலமானால் இந்த ஊரில் மழை என்று
பலகைக்கு அடியில் டிபன் பாக்ஸ் மாதிரி இறுக்கி மூடி
விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசியிருந்தேன்.
ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.
ஒரு மூச்சு வெளியே வரவில்லை.
ஓட்டை போட்டால் தண்ணீர்,
அடைத்தால் அனல்.
டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தேவசகாயம் ஸ்ரீராமபுரத்தில் அலுமினிய ஜன்னல் போடுகிறவன்.
நான் சொல்லி முடிப்பதற்குள்
ஏதோ பல் கிளினிக்கின் தடுப்பில் மீந்த தகடு ஒன்றைத்
தேய்த்துக்கொண்டே வந்தான்.
பெட்டியின் அடியை அறுத்துப் போடு,
அந்த இடத்தில் இது இருக்கட்டும்.
சில்லு உள்பக்கம், காற்று வெளிப்பக்கம்.
நனைந்தால் தகடுதானே நனையும்?

வெள்ளைப் பசையை நான் அப்பினேன்,
அவன் வழித்து வழித்து எறிந்தான்.
இரண்டு உலோகமும் தொடாத இடத்தில்
காற்று குடிவராமல் இருக்கத்தானாம் அது.
அடியில் அச்சடித்த எண் தெரிகிற அளவுக்குப் போதும்.

அதிலிருந்து கன்ட்ரோலர் அறுபது டிகிரியைத் தாண்டுவதில்லை.
இப்போது மோட்டார்.

செம்புச் சுற்றுக்குள் கடுகளவு தெர்மிஸ்டரைச் செருகினேன்.
தொண்ணூறு வந்தால் நீயாக அடங்கு என்று எழுதி வைத்தேன்.
பதினாறு பல் சக்கரத்தைக் கழற்றிப் பன்னிரண்டு போட்டேன்.
வேகம் போயிற்று.
பேப்பர் போடும் பையன் சைக்கிளில்
மணியடித்தபடி என்னைத் தாண்டிப் போகிறான்,
தேவையே இல்லாமல் மணியடிக்கிறான்.

கணக்குத் தாளில் என் எடை
அறுபத்தைந்து என்று இருந்தது.
நான்தான் எழுதினேன்.
எழுபத்தெட்டு என்பது மோட்டாருக்குத் தெரிந்திருக்கிறது.
தட்டையான ரோட்டில் கண்டுகொள்ளவில்லை,
ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவாக எண்ணுகிறது.

ஞாயிறு, விடியற்காலை ஐந்தே முக்கால்.
அதே ஏற்றம்.
எண்பத்து நாலு. எண்பத்தேழு.
மணிக்கட்டில் கட்டிய திரையைப் பார்க்காமலே
பாதத்துக்குத் தெரிந்தது,
பலகை மெல்லக் கை விடுகிறது.
உதறவில்லை, தும்மவில்லை.
சொன்ன பேச்சைக் கேட்டு, சொன்ன இடத்தில்.
கோபம் வந்தது எனக்கு. நன்றி வரவில்லை.
இன்னும் இருபது அடிதான் இருந்தது.

மீதியைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

ஏற்றத்தின் உச்சியில் நந்தினி பால் கடை.
சித்தப்பாஜி டிரேயிலிருந்து தலை தூக்கி
தலைகீழாய்க் கிடந்த சக்கரங்களைப் பார்த்தார்.
மோட்டாரின் மேல் விரல் வைத்து, "அப்பா!" என்று உதறினார்.
கேட்காமலே ஓர் அரை லிட்டர் பாக்கெட்டை எடுத்து
அதன்மேல் வைத்தார்,
காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போடுவதுபோல.

இரண்டு நிமிடம்.
தொட்டுப் பார்த்தேன், கூடு ஜில்லென்றிருந்தது.
திரையைப் பார்த்தேன், தொண்ணூற்று ஒன்று.

சுழல்வது வெளிக்கூடு.
எரிவது உள்ளே, செம்பு.
நடுவில் நகம் நுழையாத ஒரு காற்று.
எத்தனை பாக்கெட் வைத்தாலும்
அந்த மயிரிழையைத் தாண்டிப் போகாது குளிர்ச்சி.
உள்ளிருப்பது தன் நேரத்துக்குத்தான் ஆறும்,
அச்சு வழியாக, மவுண்ட் வழியாக, சுற்றிக்கொண்டு.

இதைக் கன்னடத்தில் விளக்கப் பார்த்தேன்.
அவர் தலையாட்டினார்.
பிறகு பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து,
இதை இனி யாருக்கு விற்பேன் என்றார்.

காசு கொடுத்தேன்.
ஒரு கையில் பலகை, ஒரு கையில் பால்.
இறக்கத்தில் ஏறி நிற்கவில்லை.
எண்பத்தெட்டு வரும்வரை
நடந்தே இறங்கினேன்.