பிடிவாதக்காரி

திரும்பவில்லை.
முனகியது.
மூக்கடைத்தவன் தூக்கத்தில் முனகுவதுபோல
நின்ற இடத்திலேயே நடுங்கி
மேசைமேல் இருந்த என் மாத்தே கோப்பையைக்
கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளியது.
இதுவரை அந்த மோட்டார் நகர்த்திய ஒரே பொருள்
அதுதான்.

பூந்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
காலை பத்துக்குத்தான் விடியும்.
கராஜின் தகரக் கூரையைக் காற்று
பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டிருக்கிறது.
எதெல்மிரா ஏழு மணிக்கு வருவாள்,
படகுக்குப் பெயர்ப்பலகை எங்கே என்று.
லெங்கா மரம் இழைத்துத் தயாராய்க் கிடக்கிறது.
எழுத்துதான் இல்லை.

பாலத்தின் இடக்கால் மோட்டார் ஒழுங்காய் ஓடும்.
வலக்கால் மோட்டார்
மைத்துனன் திராகோ விற்றது,
எந்த இயந்திரத்தின் வயிற்றிலிருந்து பிடுங்கினானோ.
"சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம்,
குழந்தைகூடச் செய்யும்" என்றான் போனில்.
என் வீட்டில் குழந்தை இல்லை.

போன வாரம் மின்சாரம் ஓடும்போதே
பிளக்கை உருவினேன்.
ஒரு சொடுக்கு, ஒரு மணம்:
டிரைவர் ஒன்று போயே போயிற்று.
படகுத்துறைச் சீட்டுக் கவுன்டரில்
ஒரு நாள் உட்கார்ந்த கூலி.
அதனால் இன்று
சுவிட்சை அணைத்து
விளக்கெல்லாம் கண் மூடும்வரை காத்திருந்து
முப்பது எண்ணி
அதற்கு மேலும் பத்து எண்ணினேன், பயத்துக்கு.

மல்டிமீட்டர் திரையில் ஒன்றுமில்லை.
அதன் பேட்டரியை மார்ச்சிலேயே
புகை எச்சரிக்கைக் கருவிக்குக் கொடுத்துவிட்டேன்.
இந்தக் கராஜில்
அதைத் திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கில்லை.

மிச்சம் இருந்தது விரல்.

நான்கு கம்பிகளையும் கழற்றி
சிவப்பின் செம்பையும் நீலத்தின் செம்பையும்
ஒன்றாக முறுக்கி
அச்சைத் திருகினேன்.
வழுக்கிக்கொண்டு சுழன்றது, யாருக்கோ என்பதுபோல.
சிவப்பும் பச்சையும்.
அதே வழுக்கல்.
சிவப்பும் கறுப்பும்

அடம்.

கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே
மேடு பள்ளம், மேடு பள்ளம்,
விடமாட்டேன் என்று.
பிரித்தேன்: வழுக்கியது.
சேர்த்தேன்: முறைத்தது.
நேரமில்லை என்று தெரிந்தும்
ஏழெட்டு முறை செய்து பார்த்தேன்.
சுவரிலிருந்து வந்த மின்சாரம் இல்லை இது.
நான் திருகிய திருகலே
சுருளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து
என் விரலையே எதிர்த்து நிற்கிறது.

ஆக, சிவப்புக்குத் துணை நீலம் இல்லை, கறுப்பு.
நிறம் சொன்ன பொய்யை விரல் பிடித்துவிட்டது.
திராகோவைக் கூப்பிட்டுத் திட்டலாம்.
மணி நாலு.
தூங்கட்டும்.

டெர்மினலில் கம்பி மாற்றி, திருகு இறுக்கி,
மின்சாரம் கொடுத்தேன்.
ஓடியது!
பின்பக்கமாக.
இடக்கால் முன்னே போக வலக்கால் பின்னே போக
குடித்துவிட்டு வருபவன் நிலைப்படியில் நிற்பதுபோல்
பாலம் கோணிக்கொண்டது.
நிறுத்தும் பொத்தானை முஷ்டியால் குத்தினேன்.
கோப்பை கடைசியில் விழுந்தேவிட்டது.

எதிரெதிரே முகம் பார்த்து நிற்கும் இரண்டு பேர்
ஒரே பக்கம் போகவேண்டுமானால்
ஒன்று வலம் சுற்றினால் மற்றது இடம் சுற்றவேண்டும்.
இதிலிருந்து கல்யாணத்தைப் பற்றி
யாராவது ஏதாவது சொல்ல நினைத்தால்
தயவுசெய்து வேண்டாம்.
ஒரு ஜோடியை மட்டும் தலைமாற்றவேண்டும்,
அவ்வளவுதான். இரண்டு திருகு.

மறுபடி அணை, எண்ணு, மாற்று, இறுக்கு.
பாலத்தைக் கையால் தள்ளி நேராக்கி
மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன்.

பிறகு வெட்டும் முனை இறங்கியது.
மரத்தூள் மிளகு மணத்தோடு எழும்பியது.
ஒவ்வொரு எழுத்தாக:
லா தெர்கா.
எங்கள் பேச்சில்
பிடிவாதக்காரி என்று பொருள்.

ஏழு மணி இருட்டில்
தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி
எதெல்மிரா வந்தாள்.
செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மீனை
பெஞ்சில் வைத்தாள்.
எழுத்துகளுக்குள் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனவள்
தெ அருகில் நின்றாள்.
"இங்கே என்ன, ஒரு சின்னப் படி?"

ஒரு அடி தவறவிட்டிருக்கிறது,
நான் தரையில் கோப்பைச் சில் பொறுக்கிய நேரத்தில்.
மெழுகும் தூளும் குழைத்து
அடைத்துத் தரட்டுமா என்றேன்.

"விடு" என்றாள்.
"பெயின்ட் பிடிக்கும்."